ஒன்பதாவது பாடம்

ஜனவரி 6, திங்கள்

பிரிண்டர் சப்ளை பண்றவர் கொடுத்துட்டுப் போன டைரி. ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் ஒரு பொன்மொழி அச்சடிச்சிருக்கான். இன்னைக்கு, புன்னகையோட வேலை செய்யணுமாம். எங்க டிபார்ட்மெண்ட்ல வந்து ஒரு நாள் செஞ்சு பாருடா நீ.

மார்ச்ல காலேஜுக்கு மார்க் போடற தரச்சான்றுக் குழு வருது. காலையிலயே எச்.ஓ.டி. கூப்பிட்டாரு. டாக்டர் செங்கோட்டுவேல். "ஏனுங்க திலகவதி மேடம், மூணாவது ஃபைல் உங்க பொறுப்புங்க. சமுதாயத்துக்கு நம்ம டிபார்ட்மெண்ட் என்ன செஞ்சுதுன்னு காட்டோணும்." என்ன செஞ்சோம்? ஒரு மண்ணும் செய்யல. அதைக் காட்டறதுக்கு ஒரு ஃபைல்.

மத்தியானமே ஆரம்பிச்சாச்சு. ஒரே செமினார் ஹால், அதே முப்பது பசங்க, மூணு பேனர். ரத்ததான விழிப்புணர்வு ஒரு வருஷம், கிராமத்துக்குக் கணினி ஒரு வருஷம், பெண்கள் பாதுகாப்பு ஒரு வருஷம். பேனர் மாறுறப்போ பசங்க சட்டையை மாத்திக்கிட்டாங்க. போட்டோவுல விழற தேதியை மாத்தறதுக்குன்னே லேப்ல ஒருத்தர் இருக்காரு. மேடம்மாருங்க ஆளுக்கு மூணு புடவை கொண்டு வரணும்னு நேத்தே மெசேஜ். திட்டிக்கிட்டேதான் எடுத்துட்டுப் போனேன். ஆனா எடுத்துட்டுப் போனேன்.

மிக்ஸி ஜார் சுத்த மாட்டேங்குது.

ஜனவரி 9, வியாழன்

மர்சியா வந்தா. எம்.சி.ஏ. ரெண்டாம் வருஷம், ஆப்கானிஸ்தான்ல ஹெராத்ங்கற ஊரு, ஸ்காலர்ஷிப்ல வந்த பொண்ணு. வயசு இருபத்தேழு. அங்க ஒரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சரா இருந்தவ. இப்போ அந்த ஸ்கூலும் இல்ல, இவளுக்குத் திரும்பிப் போற வழியும் இல்ல.

சாயங்காலம் நாலு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் மூணாம் நம்பர் லேப் வேணும்னு கேட்டா. நான்தான லேப் இன்சார்ஜ். எதுக்குன்னேன். கதவைச் சாத்திட்டு வந்து சொன்னா. அவ தங்கச்சி ஃபிரெஷ்தாவும் அவளோட சிநேகிதிங்களும், மொத்தம் பதினோரு பொண்ணுங்க. அங்க ஆட்சிக்கு வந்தவங்க ஆறாம் வகுப்போட எல்லாப் பொண்ணுங்களுக்கும் படிப்பை நிறுத்திட்டாங்க. இவ ஃபோன்லயே புரோகிராமிங் சொல்லிக் கொடுத்துட்டு இருக்கா. ஹாஸ்டல் நெட்ல கால் போக மாட்டேங்குது. இங்கிலீஷ் பாடம் அதுங்களுக்குப் புரியல. ஃபார்ஸியில சொல்லணும், அதுக்குப் பாடத்தை முதல்ல நல்லா உடைச்சுக் கொடுக்க ஒரு ஆள் வேணும்.

"உங்க கிளாஸ்ல மட்டும்தான் மேடம் எனக்குப் புரியுது"ன்னா.

புரியாம என்ன பண்ணும்? நான் ராசிபுரம் கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். இன்ஜினியரிங் முதல் வருஷம் சி புரோகிராமை ஒரு எழுத்துப் புரியாம அர்ச்சனை மாதிரி மனப்பாடம் பண்ணி எழுதி, ரெண்டு தடவை ஃபெயில் ஆனவ. அந்த வயித்தெரிச்சல் இன்னும் போகல எனக்கு.

ஒரே ஒரு நிபந்தனை போட்டா. "பேர் எதுவும் வெளிய போகக் கூடாது. ஒரு பேர் கூட. கண்டுபிடிச்சா அவங்களை மட்டும் இல்ல, அப்பாக்களையும் கொண்டு போவாங்க."

யார்கிட்ட சொல்லப் போறேன்னேன்.

ஜனவரி 20, திங்கள்

நான் மர்சியாவுக்கு எளிமையான இங்கிலீஷ்ல பேசி அனுப்பறது நாலு நிமிஷ ஆடியோ. அதை அவ ஃபார்ஸியில பேசி அனுப்புவா. ரெண்டு எம்.பி.க்கு மேல போனா அங்க இறங்காது. பொண்ணுங்க நோட்டுல புரோகிராம் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பும்.

முதல் பாடத்துலயே குட்டு. கம்ப்யூட்டர் தகவலை வெச்சுக்கற வரிசைக்கு, அதான் கியூவுக்கு, எடுத்துக்காட்டா நம்ம புஸ்தகத்துல இருக்கற ரயில் டிக்கெட் கவுன்டரைச் சொன்னேன். "அவங்க வீட்டை விட்டுத் தனியா வெளிய போய் மூணு வருஷத்துக்கு மேல ஆகுது"ன்னா மர்சியா. அப்புறம் அவளே மாத்தினா. மூணு அக்கா தங்கச்சிக்கு ஒரே ஃபோன், யார் முதல்ல கேட்டாளோ அவளுக்கு முதல்ல. அதான் வரிசை. அடுக்குக்கு, அதான் ஸ்டாக்குக்கு, காலையில மூலையில அடுக்கி வைக்கற மெத்தைங்க. கடைசியா வெச்சது ராத்திரி முதல்ல வரும். எங்க வீட்டுலயும் பாய் தலகாணி அப்படித்தான்னேன். முதல் தடவையா சிரிச்சா.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யற லூப்புக்கு ஃபார்ஸியில ஹல்கா. வளையம்னு அர்த்தமாம். நல்லா இருக்குல்ல?

என் பொண்ணு இனியாவுக்கு எரிமலை மாடல் செய்யணுமாம் ஸ்கூல்ல. சமையல் சோடா வாங்கணும்.

ஜனவரி 31, வெள்ளி

பொண்ணுங்க இப்போ ஃபோன்லயே புரோகிராம் அடிக்க ஆரம்பிச்சிருக்குதுங்க. எவன் எழுதினான் இந்த சாஃப்ட்வேரை? ஃபார்ஸி வலது பக்கமிருந்து ஓடுது, புரோகிராம் இடது பக்கமிருந்து ஓடுது. ஒரே வரியில ரெண்டும் வந்தா அடைப்புக்குறியெல்லாம் இடம் மாறிக் குப்புற விழுது. பொண்ணுங்க தப்பு தங்க மேலதான்னு நெனச்சு ராத்திரி பூரா திருத்தியிருக்குதுங்க. தப்பே இல்லாத புரோகிராமை! அழுதுச்சாம் ஒண்ணு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த கம்பெனிக்காரன் எதிர்ல இருந்திருந்தா அறைஞ்சிருப்பேன். ஃபார்ஸி விளக்கக் குறிப்பெல்லாம் இனிமேல் தனி வரியில எழுதுங்கன்னு ஆறாவது பாடத்துல சொல்லிட்டோம்.

மர்சியா என்னை இப்போ 'திலகா ஜான்'னு கூப்பிடறா. அவங்க ஊர்ல மனசுக்கு நெருங்கினவங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்களாம்.

பிப்ரவரி 10, திங்கள்

ஒன்பதாவது பாடம் அமர்க்களம். ஒரு ஃபைலுக்குள்ள என்னென்ன ஒளிஞ்சிருக்கும்னு சொன்னேன். வெளிய தெரியற எழுத்து வேற. உள்ள, யார் செஞ்சது, எந்தத் தேதி, எத்தனை மணின்னு ஃபைல் தனக்குன்னு ஒரு குறிப்பு வெச்சுக்கும். அதை எப்படித் திறந்து பார்க்கறதுன்னு சொல்லிக் கொடுத்தேன்.

அன்னைக்கே ஃபிரெஷ்தா தன் அண்ணனோட காலேஜ் கட்டுரையைத் திறந்து பார்த்திருக்கா. செஞ்சவர் பேர்ல அண்ணனோட சிநேகிதன் பேரு! வீடே சிரிச்சிருக்கு. அந்தப் பொண்ணு தன் குரல்லயே ஒரு ஆடியோ அனுப்பியிருந்தா. பதினாறு வயசு, குருவி கத்தற மாதிரி குரல். இங்கிலீஷ்ல தட்டுத் தடுமாறி, "தேங்க் யூ டீச்சர், நான் போலீஸ்"னு. நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஒன்பது பாடத்தோட முதல் பகுதி முடிஞ்சுது, அதுக்குப் பொண்ணுங்களுக்கு சர்டிஃபிகேட் வேணுமாம். வேலைக்கு இல்ல, காட்டறதுக்கும் இல்ல. பெட்டியில வெச்சுக்க. அச்சடிச்சதைப் போட்டோவாவது பார்க்கணுமாம். முழுப் பேரும் அப்பா பேரும் ஊரும் தெருவும் போட்டு.

மர்சியா லிஸ்டை என் கம்ப்யூட்டர்ல தானே உட்கார்ந்து அடிச்சா. "அச்சடிச்சதும் அழிச்சுடுங்க, திலகா ஜான்." சரின்னேன். பதினொண்ணும் அச்சடிச்சாச்சு, தங்கக் கலர் ஓரம் போட்டு. என் பீரோவுல புடவைக்கு அடியில இருக்கு.

லிஸ்டை நாளைக்கு அழிக்கணும்.

பிப்ரவரி 24, திங்கள்

இன்னைக்கு மீட்டிங்ல அந்த எச்.ஓ.டி. என்னை அத்தனை பேருக்கு முன்னால கேட்டாரு. "ஈ.சி.ஈ. டிபார்ட்மெண்ட்ல மலேசியாவோட ஒரு புரோகிராம் பண்ணி இருக்காங்கோ. நம்ம ஃபைல்ல இன்டர்நேஷனல்னு ஒரு பக்கம் இல்லீங்களே மேடம்? அது சரி, தமிழ் மீடியத்துல வந்தவங்களுக்கு அதெல்லாம் கொஞ்சம் பயமாத்தான் இருக்கும்." எல்லாரும் சிரிச்சாங்க. நான் கை புடிச்சு எழுதக் கத்துக் கொடுத்த ஜூனியர் கூடச் சிரிச்சா.

எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. எழுந்து நின்னு சொன்னேன். ஆமா, பண்றேன். ஆப்கானிஸ்தான்ல பதினோரு பொண்ணுங்களுக்குச் சொல்லித் தர்றேன், இந்தக் காலேஜ்லயே நிஜமா நடக்கற ஒரே புரோகிராம் அதுதான்னேன். வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்தாங்க எல்லாரும்.

"இதை ஏனுங்க மேடம் இத்தனை நாளாச் சொல்லல? ஃபைல் போடுங்க, நாளைக்கே"ன்னாரு.

பேர் இல்லாமப் போட்டாப் போச்சு.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஃபைல் கொடுத்தாச்சு. 'பங்கேற்றவர்கள் பதினொரு பேர்'னு மட்டும் எழுதிக் கொடுத்தேன், திருப்பி அனுப்பினாங்க. பேர், தந்தை பேர், ஊர், எல்லாக் கட்டமும் நிரம்பணுமாம். முதல் எழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன், சிவப்பு மையில சுழிச்சு வந்துச்சு. 'காலிக் கட்டம் ஏற்கப்பட மாட்டாது.' ஒரு மணிக்குள்ள கொடுக்கலேன்னா மூணாவது ஃபைலே செல்லாதுன்னு ஆபீஸ்ல இருந்து ஃபோன் மேல ஃபோன். நிரப்பி, பேப்பராவும் பி.டி.எஃப்.ஆவும் கொடுத்தேன். ஃபைல் அலமாரிக்குள்ளதான இருக்கப் போகுது. குழு பார்த்துட்டுப் போனா கரையான்தான் தின்னும்.

மிக்ஸி ஜார் ரிப்பேர் ஆகி வந்துடுச்சு. பூண்டுச் சட்னி.

மார்ச் 5, புதன்

மர்சியா நோன்பு. உதடெல்லாம் வெடிச்சுப்போய் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நின்னா. கையில ஃபோன். எங்க காலேஜ் வெப்சைட். 'எல்லை தாண்டிய கல்விச் சேவை'ன்னு கொட்டை எழுத்துல ஒரு பக்கம், அதுக்குக் கீழ ஒரு பி.டி.எஃப். பதினோரு பேர். பதினோரு அப்பா பேர். எந்தத் தெருப் பக்கம்னு கூட.

ஒரு பொண்ணோட அப்பா சும்மா தன் பேரைப் போட்டு நெட்ல தேடியிருக்காரு. நம்ம காலேஜ்ல வந்து நின்னுருக்கு.

"யார் கொடுத்தது?"ன்னு கேட்டா.

ஆபீஸ்ல இருந்து போயிருக்கும், விசாரிக்கறேன்னேன். பொய் இல்லையே. ஆபீஸ்ல இருந்துதான போச்சு. வெப்சைட்ல போடச் சொன்னது யாரு, நானா? ஊரான் வீட்டுப் பொண்ணுங்க பேரை எடுத்து நடுத்தெருவுல ஒட்டியிருக்கானுங்களே, அறிவு வேண்டாம்? நாசமாப் போறவனுங்க.

அவ "சரி மேடம்"னுட்டுப் போயிட்டா.

மார்ச் 6, வியாழன்

வெப்சைட் பார்த்துக்கறவர்கிட்டப் போனேன். லெட்டர் வேணுமாம். லெட்டர் எழுதினேன். எச்.ஓ.டி. கையெழுத்து வேணுமாம்.

எச்.ஓ.டி. சொல்றாரு: "குழு போனதும் எடுத்துக்கலாங்க மேடம். அந்த லிங்கை ரிப்போர்ட்லயே கொடுத்தாச்சு. இப்ப எடுத்தா மார்க் போயிரும்."

"சார், பதினோரு பொண்ணுங்க உசுரு சார்."

"அட, அங்க எவன் மேடம் நம்ம காலேஜ் வெப்சைட்டைப் பார்க்கறான்? நம்ம பசங்களே பார்க்கறதில்ல."

கத்தினேன். என்னென்ன கத்தினேன்னு ஞாபகம் இல்ல. அட்டெண்டர் தண்ணி கொண்டு வந்து வெச்சாரு. அந்த ஆளு, நான் மூச்சு வாங்கற வரைக்கும் காத்திருந்துட்டு, "பேர் லிஸ்ட் கொடுத்தது நீங்கதானுங்களே?"ன்னாரு.

கேக்கறான் பாரு கேள்வி!

மார்ச் 8, சனி

மகளிர் தினம். கீழ ஆடிட்டோரியத்துல கோலப் போட்டி, பெண்ணுக்குக் கல்வியே கண்ணுன்னு மைக்ல ஒருத்தர் முழங்கிட்டு இருந்தாரு. எல்லாரும் ஊதா கலர் புடவை. நானும்.

நான் சர்வர் ரூமுக்குப் போனேன். சாவி இருக்கற இடம் எனக்குத் தெரியும், பாஸ்வேர்டை மானிட்டர்லயே ஒட்டி வெச்சிருக்கான் அந்த மகராசன். பக்கத்தை அழிச்சேன். பி.டி.எஃப்.ஐ அழிச்சேன். பேக்கப்புல இருந்ததையும் அழிச்சேன். தேடுபொறிக்காரனுக்கு எழுதிப் போட்டேன், அவனுங்க பழைய நகலை எடுக்க நாள் ஆகுமாம். ஊதாப் புடவை பூரா வேர்வை.

என் கம்ப்யூட்டர்ல இருந்த லிஸ்டையும் இன்னைக்குத்தான் அழிச்சேன்.

மார்ச் 10, திங்கள்

ஹெராத்ல மர்சியா வீட்டுக்கு ஆட்சிக்காரங்க ஆளுங்க ரெண்டு பேர் வந்து விசாரிச்சிருக்காங்க. பொண்ணுங்க கூடி என்ன பண்ணுதுன்னு கேட்டிருக்காங்க. தையல் கத்துக்குதுங்கன்னு அவ அப்பா சொல்லியிருக்காரு. நம்பினாங்களா இல்லையான்னு தெரியல, மறுபடி வர்றோம்னு போயிருக்காங்க. ஃபிரெஷ்தாவை ஃபோன் இல்லாம வேற ஊருக்கு, ஒரு சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நோட்டையெல்லாம் ரொட்டி அடுப்புல போட்டு எரிச்சாச்சாம்.

இதை எங்கிட்ட வராண்டாவுல நின்னு, லீவ் லெட்டர் சொல்ற மாதிரிச் சொன்னா. மேடம், மேடம்னு.

அனுமதி இல்லாம பக்கத்தை நீக்கினதுக்கு எனக்கு மெமோ வந்திருக்கு. ஒரு வாரத்துல விளக்கம் கொடுக்கணுமாம். கொடுக்கறேன் இருங்கடா.

மார்ச் 12, புதன்

குழு வந்தாச்சு. மூணு பேர். வாசல்ல நாதஸ்வரம், ரோஜாப்பூ. மர்சியாவை அவங்க ஊர் உடுப்புல குத்துவிளக்குப் பக்கத்துல நிறுத்தணும்னு எச்.ஓ.டி. நேத்து ஆள் அனுப்பினாரு. ஹாஸ்டல்ல காய்ச்சல்னு நானே சொல்லிட்டேன்.

மூணாவது ஃபைல் வந்துச்சு. ரத்ததானம் பார்த்தாங்க, தலையாட்டினாங்க. பெண்கள் பாதுகாப்பு, பேஷ் பேஷ். அப்புறம் அந்தப் பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டு, "இந்த ஆப்கானிஸ்தான் புரோகிராம் ரொம்ப இன்ட்ரஸ்டிங்கா இருக்கே, யார் நடத்தறது?"ன்னாரு. எச்.ஓ.டி. என்னைக் கை காட்டினாரு, பல்லைக் காட்டிக்கிட்டே.

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல சார். ஃபைலுக்காக எழுதினது. பேரெல்லாம் நான் கற்பனையாப் போட்டது"ன்னேன்.

எச்.ஓ.டி. முகம் செத்துப் போச்சு. அத்தனை பொய்யையும் நிஜம்னு எழுதிக்கிட்டாங்க. இருந்த ஒரே நிஜத்தை நான் பொய்யுன்னு சொன்னேன், அதையும் நம்பிட்டாங்க. அந்தப் பெரியவர் ஃபைல்ல இருந்து அந்தப் பக்கத்தை உருவித் தனியா வெச்சாரு. கேட்டு வாங்கிட்டு வந்து கிழிச்சுப் போட்டேன்.

வேலை போகும்னு நெனைக்கறேன். போகட்டும்.

இதை மர்சியாகிட்டச் சொல்லணும்னு ஹாஸ்டலுக்கு ஓடினேன். நான் என்ன செஞ்சுட்டு வந்திருக்கேன்னு அவளுக்குத் தெரியணும்ல? கதவைத் திறந்தா, கேட்டா. "நல்லது மேடம்"னா. அவ்வளவுதான். எனக்குச் சுருக்குன்னுச்சு.

மார்ச் 14, வெள்ளி

மர்சியா ஒரு ஆடியோவை எனக்கு அனுப்பினா. அஞ்சாம் தேதி வந்த ஆடியோ. ஃபிரெஷ்தாவோட ஃபோனை வாங்கி வைக்கறதுக்கு முன்னால பேசினது. ஃபார்ஸி. கீழ மர்சியா இங்கிலீஷ்ல எழுதியிருந்தா.

"அக்கா, ஒன்பதாவது பாடம் மாதிரி அந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். செஞ்சவர் திலகவதின்னு இருக்கு. பிப்ரவரி 25, பன்னிரண்டு மணி நாப்பது நிமிஷம். டீச்சரோட கம்ப்யூட்டரை யாரோ திருடி இருக்காங்க. டீச்சர்கிட்டச் சொல்லு, ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு."

ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு.

நான்தான் கொடுத்தேன். எச்.ஓ.டி. இல்ல, ஆபீஸ் இல்ல, வெப்சைட்காரன் இல்ல. பன்னிரண்டு நாப்பதுக்கு, பசியில, காலிக் கட்டத்தைப் பார்த்து எரிச்சல் பட்டு, மர்சியா அடிச்சு வெச்ச லிஸ்டை அப்படியே காப்பி பண்ணி ஒட்டினேன். முந்தின நாள் ஹால்ல சிரிச்சாங்களே, அதுக்காக ஒட்டினேன். இந்த டைரியில எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்னு புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஒருத்தனைத் திட்டியிருக்கேன், இந்தத் திலகவதியைத் தவிர.

சாயங்காலம் போய்ச் சொன்னேன். கட்டில் ஓரத்துல உட்கார்ந்து கேட்டா.

"அஞ்சாம் தேதியே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ஒன்பது நாள்."

எனக்கு அழுகை வந்துடுச்சு.

"அழாதீங்க மேடம். நீங்க அழுதா நான் உங்களைத் தேத்தணும். எனக்கு இப்போ அதுக்கு நேரம் இல்லை."

மார்ச் 17, திங்கள்

விளக்கம் கொடுத்துட்டேன். ஒரே வரி: பக்கத்தை அழிச்சதும் நான், அதுக்கு முன்னால பேரைக் கொடுத்ததும் நான். இன்கிரிமெண்ட் கட். லேப் இன்சார்ஜ் வேலைக்கு வேற ஆள் சிக்கற வரைக்கும் நானே பார்க்கணுமாம்.

இனியாவோட எரிமலைக்கு ரெண்டாம் பரிசு. எப்பவோ கொடுத்தாங்களாம், நான் கேக்கவே இல்லையாம்.

மார்ச் 24, திங்கள்

மர்சியா வந்தா. உட்காரல.

எட்டுப் பேர் நின்னுட்டாங்களாம். மூணு பேர் மட்டும் தொடரணும்னு சொல்றாங்களாம், வேற வேற வீட்டுல இருந்து, வேற நம்பர்ல. பாடம் நான் உடைச்சுக் கொடுக்கறதுதான் வேணுமாம், அவங்களுக்கு அது பழகிப்போச்சாம். "எனக்கு விருப்பம் இல்லை. அவங்களுக்கு இருக்கு"ன்னா.

"பேர் கிடையாது. பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு. கம்ப்யூட்டர் எண்ற மாதிரி. அதுல யார் யாருன்னு கேக்கக் கூடாது. கிளாஸ் நடக்கறப்போ நீங்க லேப்புக்குள்ள இருக்கக் கூடாது."

அதுல ஃபிரெஷ்தா இருக்காளான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

"பத்தாவது பாடம் ரெடியா மேடம்?"

"ரெடி."

நாலு மணிக்கு லேப்பைத் திறந்து விட்டுட்டு வெளிய ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். உள்ள அவ குரல் மட்டும் கேட்டுச்சு. ஹல்கா, ஹல்கான்னு ரெண்டு தடவை காதுல விழுந்துச்சு. நடுவுல ஒருத்தர் சாவி கேட்டு வந்தாரு, லேப்ல வேலை நடக்குதுன்னு திருப்பி அனுப்பினேன். அஞ்சு மணிக்கு அவ போனதும் பூட்டினேன்.

லேப் ரெஜிஸ்டர்ல தேதி போட்டேன். நேரம் போட்டேன். பயன்படுத்தியவர் பெயர்ங்கற கட்டத்தைக் காலியா விட்டேன். நாளைக்குச் சிவப்பு மையில சுழிச்சுத் திருப்பி அனுப்புவாங்க. அனுப்பட்டும்.